டயல்-அப் சர்வர்: போன பாக்கெட் ஏன் திரும்பவில்லை?

வெளியே இருக்கும் பயனர் ஒருவர், தொலைபேசிக் கம்பி வழியே மோடத்தால் அழைத்து, லினக்ஸ் டயல்-அப் சர்வர் மூலம் அலுவலக நெட்வொர்க்குக்குள் வருகிறார். மோடம் இணைந்துவிட்டது, கடவுச்சொல்லும் சரி. பயனருக்கு 192.168.1.50 என்ற முகவரி கிடைத்திருக்கிறது. லினக்ஸ் சர்வரின் 192.168.1.1ஐ பிங் செய்தால் (பதில் கேட்டு ஒரு சிறு பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, அனுப்பினால்) பதில் வருகிறது. அதே அலுவலக லேனில் (உள் நெட்வொர்க்கில்) உள்ள ஃபைல் சர்வரை, அதாவது 192.168.1.20ஐ, பிங் செய்தால் ஒன்றுமே வரவில்லை. இந்த நிலையில் மோடத்தையும் தொலைபேசி இணைப்பையும் குடைவது வீண். சர்வரிடமிருந்து பதில் வந்துவிட்டதால் அவற்றில் பழுதில்லை.

முதலில் ஃபார்வர்டிங்கைப் பாருங்கள். ஒரு இடைமுகத்தில் (நெட்வொர்க் இணைப்பு வாயிலில்) வந்த அடுத்தவருடைய பாக்கெட்டை இன்னொன்றின் வழியே அனுப்பும் வேலையை லினக்ஸ் இயந்திரம் இயல்பாகச் செய்யாது. ப்ராக் (/proc) கோப்பகத்துக்குள் இருக்கும் ஐபி ஃபார்வர்டு கோப்பில் 0 இருந்தால் 1 என்று எழுதவேண்டும். இப்படிக் கையால் எழுதியது சர்வரை ரீபூட் செய்ததும் போய்விடும் என்பதால் பூட் ஆகும்போது படிக்கப்படும் சிஸ்சிடிஎல் கோப்பிலும் போட்டு வையுங்கள். "நேற்றுவரை நன்றாக இருந்தது" என்று யாராவது சொன்னால் இதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

அப்புறமும் பிங் வரவில்லையென்றால் ஊகிக்கவேண்டாம், பாக்கெட்டையே பின்தொடருங்கள். இரண்டு டெர்மினல்களைத் திறந்து, ஒன்றில் பிபிபி0 (மோடம் பக்க இடைமுகம்) மீதும் மற்றதில் ஈத்0 (லேன் பக்க இடைமுகம்) மீதும், கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்பை ஓட்டுங்கள். பிபிபி0இல் தெரிந்த பாக்கெட் ஈத்0இல் தெரியவில்லையா? தடை சர்வருக்குள்ளேயே இருக்கிறது. லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்டு விதிகளைப் பாருங்கள்.

ஈத்0 வழியாக வெளியே போயும் பதில் இல்லையென்றால், கோளாறு திரும்பும் வழியில். புதிதாகப் பார்ப்பவர்கள் பாக்கெட் போகும் வழியையே திரும்பத் திரும்பச் சோதித்து மணிக்கணக்கை இழப்பது இங்கேதான். ஃபைல் சர்வருக்கு பிங் போய்ச் சேர்ந்திருக்கும். பதில் போகவேண்டிய 192.168.1.50 தன் சப்நெட்டிலேயே (முகவரித் தொகுதியிலேயே) இருப்பதால், அந்த முகவரி பக்கத்துக் கேபிளில்தான் இருக்கிறது என்று ஃபைல் சர்வர் நினைத்து, "192.168.1.50 யார்?" என்று, ஐபிக்கு உரிய ஈதர்நெட் முகவரியைக் கேட்டறியும் ஆர்ப் மூலம் லேன் முழுக்கக் கேட்கும். அந்தப் பயனரோ தொலைபேசிக் கம்பியின் மறுமுனையில் இருக்கிறார். மோடம் வழியே ஐபி ஓடும் பிபிபி இணைப்பில் ஈதர்நெட் முகவரி என்பதே கிடையாது. அதனால் யாரும் பதில் சொல்வதில்லை. டிசிபிடம்பில் அந்த ஒரே கேள்வி வரிவரியாக ஓடும்.

பயனருக்காக சர்வரே "நான்தான்" என்று சொல்லவேண்டும். பிபிபி இணைப்பை நடத்தும் நிரலான பிபிபிடியின் ஆப்ஷன்ஸ் கோப்பில் ப்ராக்ஸிஆர்ப் என்ற சொல்லைச் சேர்த்தால், இணைப்பு உருவாகும்போது தன் ஈதர்நெட் முகவரியை அந்த ஐபிக்கு உரியதாக சர்வர் தன் ஆர்ப் அட்டவணையில் சேர்த்து, யாராவது கேட்டால் அதையே பதிலாகச் சொல்லும். பதில் சர்வருக்கு வரும், அது மோடம் வழியே அனுப்பிவைக்கும். சிஸ்லாகில் (சர்வரின் பதிவேட்டில்), ப்ராக்ஸி ஆர்ப்புக்கு ஈதர்நெட் முகவரியைத் தீர்மானிக்க முடியவில்லை என்று பிபிபிடி எழுதியிருந்தால், பயனருக்குக் கொடுத்த ஐபி சர்வரின் எந்த ஈதர்நெட் சப்நெட்டிலும் அடங்கவில்லை என்று பொருள்.

பயனர்களுக்கு 192.168.2.0 என்று தனி சப்நெட்டே கொடுத்திருந்தால் ப்ராக்ஸிஆர்ப் உதவாது. லேன் இயந்திரங்கள் பதிலைத் தங்கள் டிஃபால்ட் கேட்வேக்கு (வேறு சப்நெட்டுகளுக்குப் போகும் ரவுட்டருக்கு) அனுப்பும், அந்த ரவுட்டரில் "192.168.2.0/24க்கு 192.168.1.1 வழியாகப் போ" என்று ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிவைக்கும் வழி) வேண்டும். ஒரு வரி கூடுதல் வேலைதான், ஆனாலும் இந்த முறையே எனக்கு உசத்தி. ப்ராக்ஸிஆர்ப்பில் மறைந்துபோகும் வழி, இங்கே ரூட்டிங் அட்டவணையில் கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பயனர் வீட்டு லேனும் 192.168.1.0 அல்லது 192.168.2.0 ஆக இருந்தால், அந்த சப்நெட்டுக்கான பாக்கெட் மோடத்தைத் தொடாமலே வீட்டுக்குள் சுற்றும்.

பிங் வருகிறது, இணையப் பக்கங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன என்றால் பாக்கெட்டின் அளவைப் பாருங்கள். 33.6 கேபிபிஎஸ் வேகத்தில் 1500 பைட் பாக்கெட் ஒன்று கம்பியைக் கடக்க 0.36 விநாடி ஆகும். அதனால் பலர் பிபிபியில் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) 576 பைட்டாகக் குறைத்துவைப்பார்கள். பெரிய பாக்கெட் வரும்போது, சிறியதாக அனுப்பு என்று சர்வர் ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளை அறிவிக்கும் முறை) செய்தி அனுப்பும். வழியில் ஏதாவது ஃபயர்வால் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தால், அனுப்பியவருக்கு அது எட்டாது. பெரிய பாக்கெட்டே மறுபடி மறுபடி வந்து மடியும். அந்த ஃபயர்வால் உங்கள் கையில் இல்லாதபோது, ஐபிடேபிள்ஸின் டிசிபிஎம்எஸ்எஸ் விதியால் இணைப்பு தொடங்கும்போதே அளவைக் குறைத்துவிடுங்கள்.