ராஜினாமான்னு எழுதி நீட்டுனா கையெழுத்து போட்றாதீங்க

ஓசூர்ல தொழிலாளர் கேஸ் பாக்குற வக்கீல் நான். "கம்பெனி வெளிநாட்டுல பிளான்ட் போடுதாம் சார், எங்க வேலை போயிடுமா"ன்னு பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்து வந்து சிப்காட்ல வேலை பாக்குற பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க என்ன பார்ட் பண்றீங்கங்கிறதப் பொறுத்துதான் அதுக்கு பதில்.

வெளிநாடு போனாலே இங்க மூடிடுவாங்கன்னு இல்ல. டிவிஎஸ்க்கு இந்தோனேசியா கரவாங்ல பிளான்ட் இருக்கு, லேலண்டுக்கு அமீரகத்துல ராஸ் அல் கைமால பஸ் பிளான்ட் இருக்கு, ஓசூரும் ஓடிட்டுதான் இருக்கு. பல நாட்டுல முழு வண்டியா எறக்குனா வரி ஜாஸ்தி, பார்ட்டா பெட்டியில போட்டு அனுப்பி அங்க மாட்டுனா கம்மி, இதத்தான் சிகேடிங்கிறாங்க. அதனால வெல்டிங், பெயிண்ட், அசெம்ப்ளி மொதல்ல அங்க போகும், இன்ஜின், கியர்பாக்ஸ் மெஷினிங் ரொம்ப நாள் இங்கயே நிக்கும். அப்புறம் அந்த நாட்டு அரசாங்கம் உள்ளூர் பார்ட் இவ்வளவு போட்டே ஆகணும்னு சொல்லும், அப்ப சீட்டு, பிளாஸ்டிக் மாதிரி எடத்த அடைக்கிற அயிட்டத்த அங்கயே வாங்க ஆரம்பிச்சுடுவாங்க.

இங்க அந்த ஆர்டர நம்பி பார்ட் பண்ணிக் குடுக்குற வெண்டார் கம்பெனிக்குதான் அடி, அதுலயும் மொதல்ல காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு. 2021ல ஃபோர்டு மறைமலை நகர் பிளான்ட்ட மூடுறதா அறிவிச்சப்ப பர்மனென்ட் ஆளுங்களுக்காக பேச யூனியன் இருந்துச்சு, வெண்டார் ஆளுங்களுக்கு யாரு பேசுனா?

என்கிட்ட வர்ற கேஸ்ல பாதி ஒரே மாதிரிதான். ஆர்டர் இல்லன்னு ஆள அனுப்புறது ஆள்குறைப்பு, ஆனா "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்"னு பேப்பர் நீட்டி, கையெழுத்து போட்டாதான் பைனல் செட்டில்மென்ட்னு சொல்றாங்க, வீட்டு வாடகை ஞாபகம் வந்து பையனும் போட்டுட்றான், எனக்கு வயிறு எரியுது. ராஜினாமான்னா நஷ்டஈடு கிடையாது. ஆள்குறைப்புன்னா, ஒரு வருஷத்துல 240 நாள் வேலை பாத்திருந்தா ஒரு மாச நோட்டீஸ் இல்ல அதுக்கான சம்பளம், அதோட ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி சம்பளம் தரணும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி.

பிஎஃப் பாஸ்புக்க இப்பவே எடுத்துப் பாருங்க. அதே மெஷின்ல நின்னுட்டு இருப்பீங்க, அதுல காண்ட்ராக்டர் பேரு மட்டும் மாறிட்டே இருக்கும், சர்வீஸ் சேராம இருக்க இப்படி ஒரு வழி. பழைய பே ஸ்லிப், ஐடி கார்டு, ஷிப்ட் போட்ட வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க, ஒரே எடத்துல தொடர்ந்து வேலை பாத்தீங்கன்னு காட்ட அதான் ஆதாரம். ஏற்கனவே கையெழுத்து போட்டாச்சுன்னா, கட்டாயப்படுத்தி வாங்குனாங்கன்னு உடனே கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டு, தொழிலாளர் துறை சமரச அதிகாரிகிட்டயும் மனு குடுங்க. நாள் தள்ளிப் போனா விருப்பப்பட்டுதான் போனான்னு அவங்க வக்கீல் சொல்லுவாரு.