புவியியல் வரைபடமா, நிலவியல் வரைபடமா?

‘மண்டலப் புவியியல் வரைபடத் தயாரிப்புக்கு மத்திய அரசு நிதியுதவி’ என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் சேலத்துக்காரருக்கு என்ன தோன்றும்? பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் படம்தான். காவிரி நீலக் கோடு, சேர்வராயன் மலை பழுப்புத் திட்டு. அதைத்தான் எப்போதோ போட்டுவிட்டார்களே, இன்னும் எதற்குப் பணம் என்று கேட்பார். கேள்வியில் தப்பில்லை. சொல்ல வந்தது ஜியாலஜி, அதாவது பாறைகளையும் பூமியின் உள்ளமைப்பையும் பற்றிய படிப்பு. எழுதிவைத்தது ஜியாக்ரபி.

கிரேக்கத்தில் ‘கே’ என்றால் பூமி. ‘லோகோஸ்’ பேச்சு, ஆய்வு. ‘கிராபி’ எழுதுவது, வரைவது. வேர் அவ்வளவுதான்.

தாத்தா காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. ஒன்று பூகோளம், இன்னொன்று பூகர்ப்ப சாஸ்திரம். வடமொழிதான், ஆனாலும் உருண்டை வேறு, வயிறு வேறு என்று காதில் விழுந்தவுடன் புரிந்தது. பிறகு தமிழாக்கினோம். பூகோளம் புவியியல் ஆயிற்று, சரி. பூகர்ப்பத்துக்கு நிலவியல், புவியமைப்பியல் என்று இரண்டு சொற்கள் கிடைத்தன. இரண்டும் கல்லூரிப் பாடத்தோடு நின்றுவிட்டன. செய்தி எழுதுகிறவர் கைக்கு வந்ததெல்லாம் ‘புவியியல்’ ஒன்றுதான்.

அரசுத் துறையின் பெயரே ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’ என்றுதானே இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். பக்கத்தில் ‘சுரங்கம்’ நிற்பதால் அங்கே பொருள் தப்பிக்கிறது. அதை எடுத்துவிட்டு வெறும் ‘புவியியல்’ என்று சொல்லிப் பாருங்கள். அதே அரசு அச்சிடும் பதினொன்றாம் வகுப்புப் புவியியல் பாடநூல்தான் நினைவுக்கு வரும். ஓர் அரசு, ஒரு சொல், இரண்டு படிப்பு!

புவியமைப்பியல் என்று எழுதினால் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அவசரத்தில் நடுவிலுள்ள ‘அமைப்பு’ உதிர்ந்து மறுபடி புவியியலாகிவிடும். தனித்தமிழ் பேசுகிறவர்கள் ‘புவி’யைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் வேடிக்கை. அது வடமொழி வேர். நிலம் நம்முடையது, நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று படித்தவர்கள்தானே நாம். ஈழத்தில் புவிச்சரிதவியல் என்கிறார்கள். நீளம்தான், வடமொழியும் கலந்திருக்கிறது. ஆனாலும் பாறையில் இருப்பது பூமியின் சரிதம் என்று சொல்லிவிடுகிறது, ஜியாக்ரபியோடு ஒருநாளும் குழம்பாது. அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

நிலவியலுக்கும் ஒரு குறை உண்டு. ஊரில் நிலம் என்றால் ஏக்கர், பட்டா. அதிலும் 2018இல் எட்டுவழிச் சாலைக்காகக் கல் நட்டுப் போன பிறகு, சேலம் பக்கம் ‘நில அளவை’ என்று யாராவது வாயைத் திறந்தால் ஊரே கூடிவிடும். அதனால் ‘ஜியாலஜிகல் சர்வே’ என்பதற்கு ‘நிலவியல் அளவை’ வேண்டாம், ‘நிலவியல் ஆய்வு’ என்றே எழுதலாம்.

அப்படி இந்தப் படத்தில் என்னதான் இருக்கிறது? சேலம் பக்கத்துக் கஞ்சமலையை எடுத்துக்கொள்ளுங்கள். புவியியல் வரைபடத்தில் அது ஒரு மேடு, உயரம் இவ்வளவு. நிலவியல் வரைபடத்தில் இரும்புத்தாது கலந்த பாறைப் பட்டைகள் எங்கே ஓடுகின்றன, எந்தப் பக்கம் சாய்கின்றன, எங்கே முறிகின்றன என்பதெல்லாம் வரும். சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற பாறை, உச்சியில் அலுமினியத் தாதுவான பாக்சைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறைதான் என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் வைத்த பெயர்தான் சார்னோகைட். மலையடிவாரத்தில் மேக்னசைட் என்ற மக்னீசியக் கனிமம். வெள்ளையாக இருக்கிறதே என்று வெள்ளைக்காரன் அந்தக் குன்றுகளுக்கு ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தான். அதை நம் ஆட்கள் ‘சுண்ணாம்புக் குன்று’ என்று தமிழாக்குகிறார்கள். அங்கே வெட்டி எடுப்பது சுண்ணாம்பே இல்லை. வேலை செய்கிறவர்கள் வெள்ளைக்கல் என்று ஒழுங்காகத்தான் சொல்கிறார்கள். மொழிபெயர்க்கிறவர் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

1864இலேயே நிலவியலாளர்கள் கிங்கும் புரூஸ் ஃபுட்டும் சேலம் மாவட்டத்தின் பாறை அமைப்பை எழுதிவிட்டார்கள். அவர்கள் வேலை பார்த்த இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் 1851இல் தொடங்கியது. நிலக்கரி தேடத்தான் கம்பெனி அரசு அதற்குச் செலவழித்தது. இப்போது அது மத்திய சுரங்க அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 1:50,000 அளவில், அதாவது தரையில் ஒரு கிலோமீட்டர் தாளில் இரண்டு சென்டிமீட்டராக, படம் போடுகிறார்கள்.

அடுத்தது அந்த ‘நிதியுதவி’. உதவி என்றால் வெளியாள் செய்வது. தன் துறைக்குத் தானே வரவு செலவுத் திட்டத்தில் எடுத்துவைக்கும் பணம் ஒதுக்கீடு. மாத வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு உதவி செய்தேன் என்று யாராவது சொல்வார்களா? 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, குத்தகைதாரர்கள் ராயல்டியில் 2 சதவீத அளவுக்குக் கூடுதலாகக் கனிமத் தேடல் நிதிக்குக் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். அதையும் உதவி என்றே எழுதினால் எப்படி? அது கட்டணம். அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு மாநில நிலவியல் துறைகளுக்குப் பணம் தருகிறது, மாநிலமும் அதற்குச் சமமாகப் போட வேண்டும். ‘மானியம்’ அங்கே பொருந்தும், மாநிலம் போடுவதை ‘இணை நிதி’ எனலாம். ‘ரீஜனல்’ என்பதற்கு ‘மண்டல’ வேண்டாம், மின்வாரிய அலுவலகம் மாதிரி இருக்கிறது, ‘வட்டார’ போதும். ஆக, அந்தத் தலைப்பை ‘வட்டார நிலவியல் வரைபடங்களுக்கு மத்திய அரசு நிதி ஒதுக்கீடு’ என்று போட்டிருக்கலாம். எழுத்து கொஞ்சம் கூடுகிறது, பத்தியில் இடம் இருக்கும்.