குரூப் எடுப்பதற்கு முன் கையையும் பாருங்கள்

எழுதுவது போன்ற அன்றாடச் செயல்களுக்கு உடலைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகச் சேலத்தில் பணிபுரியும் என்னிடம் ஆண்டில் இரண்டு பருவங்களில் பள்ளிப் பிள்ளைகள் மிகுதியாக வருகிறார்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், கட்டைவிரலின் அடியில் வலிக்கிறது என்றும் கடைசிப் பக்கங்களில் எழுத்து கோணிக்கொண்டு போகிறது என்றும் சொல்லிக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் வருவார்கள். மே மாதத்தில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு, "எழுத்தை மாத்திவிட முடியுங்களா?" என்று கேட்டுப் பெற்றோர் வருவார்கள். டிசம்பரில் நான் பார்க்கும் வலியில் பெரும்பகுதி முந்தைய ஆண்டின் மே மாதத்தில் எடுத்த முடிவுகளிலிருந்து வந்தது என்பதால், பிள்ளையின் எழுதும் கையையும் எடுக்கப்போகும் பாடப்பிரிவையும் சேர்த்தே பாருங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த ஒரு மாணவன் மிக மெதுவாக எழுதுபவன். "சயின்ஸ் குரூப்ல நிறைய எழுதணும், இவனால முடியாதுங்க, அதனால காமர்ஸ்ல சேர்த்துட்டோம்" என்றார் அவனுடைய தந்தை. அக்கறையோடு எடுத்த முடிவுதான். ஆனால் கணக்கு நேர்மாறானது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்ற செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் உரியது. வணிகவியல், பொருளியல், கணக்குப்பதிவியல், வரலாறு போன்றவற்றில் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு. இரண்டுக்கும் நேரம் அதே 3 மணி நேரம். இயற்பியலில் ஐந்து நெடுவினாக்கள் என்றால் வணிகவியலில் ஏழு. அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு அங்கே இரண்டரை நிமிடம் கிடைக்கும்போது இங்கே இரண்டு நிமிடமே கிடைக்கிறது. கணக்குப்பதிவியலில் பேரேட்டுக்கும் இருப்புநிலைக் குறிப்புக்கும் கட்டம் போடும் நேரமும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

இதனால் அவனை அறிவியலுக்கு மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவனுக்குக் கணக்குப்பதிவியல் பிடித்திருந்தது, நன்றாகவும் வந்தது. எழுதும் சுமை எங்கே குறைவு என்று தவறாகக் கணித்துவிட்டு, கையைத் தயார்செய்யாமல் ஒன்றரை ஆண்டைக் கடத்திவிட்டதுதான் பிழை.

அறிவியல் பிரிவின் சுமை தேர்வறைக்கு வெளியே இருக்கிறது. ரெக்கார்டு நோட்டு ஒருபுறமிருக்க, நீட் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் மாதக்கணக்கில் ஓஎம்ஆர் தாளில் வட்டங்களை மட்டுமே நிரப்பிவிட்டு, மார்ச்சில் திடீரென மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத உட்காருகிறார்கள். 2017-18ஆம் கல்வியாண்டில் தொடங்கிய பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இப்போது நீக்கப்பட்டுவிட்டதால், இடையில் கிடைத்துவந்த ஒரு முழுநீள ஒத்திகையும் இல்லை. அந்த ஒத்திகையை வாரம் ஒருமுறை வீட்டிலேயே நடத்தத்தான் வேண்டும்.

ஆறு பாடத்துக்குப் பதில் ஐந்து பாடம் படிக்கும் வாய்ப்பு 2019இல் அறிவிக்கப்பட்டு 2020இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே, இரண்டு மொழிப்பாடங்களும் நான்கு பிரிவுப் பாடங்களுமாக ஆறு தாள்களையும் எழுதியே ஆக வேண்டும். எந்த நான்கு என்பதில் மட்டுமே நமக்குத் தெரிவு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50; உயிரியலுக்கு அங்கே வேலையில்லை. நீட் தேர்விலோ கணிதம் தனிப் பாடமாக இல்லை. அப்படியிருந்தும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள பிரிவையே பலர் எடுக்கிறார்கள். இரண்டு வழியிலும் உண்மையான விருப்பம் உள்ள பிள்ளைக்கு அது சரிதான். முடிவெடுக்க மனமில்லாமல் எடுப்பதென்றால், அதன் விலையைப் பிள்ளையின் தூக்கமும் கையும் கொடுக்கின்றன.

இனி கையெழுத்துக்கு வருகிறேன். கோடை விடுமுறை வகுப்பில் ஆங்கிலத்தைச் சேர்த்தெழுதும் முறைக்கு மாற்றிவிட்டால் மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கை இங்கே வலுவாக இருக்கிறது. விடைத்தாள் திருத்துபவர் விடைக்குறிப்பில் உள்ளதைத் தேடுகிறார். அது தெளிவாகக் கண்ணில் பட்டால் போதும், எழுத்து சேர்ந்திருக்கிறதா பிரிந்திருக்கிறதா என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. பத்தாண்டுகளாகக் கைக்குப் பழகிய எழுத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் மாற்றினால், பதிலை நினைத்துக்கொண்டிருக்க வேண்டிய மூளை எழுத்தின் வடிவத்தை நினைத்துக்கொண்டிருக்கும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த வகுப்பால் பயன் இன்னும் குறைவு. நம் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. ஒவ்வொன்றுக்கும் பேனா எழுந்து இறங்குகிறது. "ஒளிச்சேர்க்கை" என்று எழுதும் கைக்குத் தேவை அலங்காரம் அல்ல, அழுத்தம் குறைந்த பிடிப்பு.

வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் குடும்பத்திலிருந்து ஒரு மாணவியை அழைத்து வந்தார்கள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. இரண்டாம் மணி நேரத்தில் விரல்கள் இறுகிப்போய்ப் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். வீட்டில் குறடு பிடித்துச் சின்னஞ்சிறு வளையங்களைக் கோக்கும் அந்தக் கையில் பலவீனம் எதுவும் இல்லை. நோட்டைத் திருப்பி விரலால் தடவினேன்; மூன்று தாள் தள்ளியும் எழுத்தின் தடம் பதிந்திருந்தது. எழுதும்போது ஆள்காட்டி விரலின் நகம் வெளுத்தது, கட்டைவிரல் அதன்மேல் ஏறிப் பூட்டிக்கொண்டது, முழங்கை மேசைக்கு வெளியே தொங்கியது. அழுத்தி எழுதினால்தான் மை இறங்கும் பேனாவை விட்டு ஜெல் பேனாவுக்கு மாறி, முன்கை முழுவதையும் மேசைமேல் படியவைத்து, தாளைச் சற்றுச் சாய்த்து எழுதத் தொடங்கிய பின் அழுத்தம் மெல்லக் குறைந்தது. அவளுடைய எழுத்தின் வடிவத்தில் நான் கைவைக்கவே இல்லை.

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிரமம் உண்டு. அரையாண்டுத் தேர்வு நடக்கும் டிசம்பர்க் குளிரில் காலையில் விரல்கள் விறைத்திருக்கும். தேர்வறைக்குள் போகும்வரை கையைச் சூடாக வைத்திருக்கச் சொல்கிறேன். மாலையில் டியூஷனுக்காக மலையிறங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் திரும்ப ஏறி வீடு சேர்பவர்களிடம், இரவில் எழுதிப் பார்க்காமல் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

சிலருக்குப் பிடிப்பு சரியாக இருந்தும் எழுத்துகள் இடம்மாறும், பார்த்து எழுதுவதிலும் பிழை வரும். அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. உரிய மருத்துவச் சான்று இருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு ஆகிய சலுகைகளைப் பள்ளி வழியாகக் கேட்கலாம். பிப்ரவரியில் ஓடிவந்தால் நேரம் போதாது; கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள்.

மே மாதத்தில் என்னிடம் வருபவர்கள் பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வின் விடைத்தாள்களையும் எடுத்து வாருங்கள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்து, வரிக்கு எத்தனை சொற்கள், எந்த இடத்தில் எழுத்து உடைகிறது என்று பார்ப்போம். பேனா பிடிக்கும் முறையைத் திருத்த எனக்குச் சில மாதங்கள் வேண்டும். ஜனவரியில் வரும் பிள்ளைக்குப் பேனாவையும் உட்காரும் விதத்தையும் மட்டுமே மாற்றித்தர முடிகிறது.