வித்ட்ரா தேதிக்கு முந்தைய இரண்டு வாரங்கள்

அக்டோபர் கடைசி வாரத்தில் என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி (கரிம வேதியியல்) மாணவர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க விரும்பும் இளங்கலை மாணவர்களுக்கு ஆலோசகராகப் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த வாரத்தில் இரண்டாவது மிட்டெர்ம், அதாவது செமஸ்டர் இடைத் தேர்வின், மதிப்பெண் வந்திருக்கும். உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தப் பாடத்தை விட்டுவிடலாமா, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாமா?

கேட்டு வருகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. வராமலே இருந்துவிடுகிற பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்களில் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் குறைவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் நவம்பர் நடுவில் வந்தான். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் மிட்டெர்மில் 38, இரண்டாவதில் 41. வகுப்புச் சராசரி அறுபதுக்கு மேல். பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசித் தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டேன். "விலகினால் அப்பாவிடம் சொல்ல வேண்டியிருக்கும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை" என்றான். முதல் மதிப்பெண் வந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு ஃபோன் பேசியிருக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் "எல்லாம் நன்றாகப் போகிறது" என்றே சொல்லியிருக்கிறான். அந்த செமஸ்டர் அவனுக்கு டி கிரேடில் முடிந்தது.

அந்த டி என்ன செய்தது என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். ஜி.பி.ஏ. என்பது ஏ-க்கு 4, டி-க்கு 1 என்று வைத்து, ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட் அளவுக்கு ஏற்பக் கணக்கிடும் சராசரி. அதுவரை அவன் 45 கிரெடிட் முடித்து 3.7 ஜி.பி.ஏ. வைத்திருந்தான். நான்கு கிரெடிட் பாடத்தில் ஒரு டி சேர்ந்ததும் அது 3.48 ஆகிவிட்டது. மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களை ஒருங்கிணைக்கும் ஆம்காஸ் அமைப்பு உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கையும் தனியே எடுத்து அறிவியல் ஜி.பி.ஏ. ஒன்றும் கணக்கிடும். 24 கிரெடிட்டில் 3.6 ஆக இருந்த அவனுடைய அந்த எண் 3.23-க்கு வந்தது. மறுபடி எடுத்துப் படித்து ஏ வாங்கினாலும் பழைய டி அழியாது. ஆம்காஸ் இரண்டு முயற்சிகளையும் சேர்த்தே கணக்கிடும் என்பதால் மொத்த ஜி.பி.ஏ. 3.52 வரைதான் ஏறும். உரிய நேரத்தில் விலகி, அடுத்த முறை ஏ வாங்கியிருந்தால் 3.72. அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவில் எம்.டி. படிப்பில் சேர்ந்தவர்களின் சராசரி 3.8-ஐ ஒட்டி இருக்கிறது. அந்த நான்கு நாள் தாமதத்தின் விலை எவ்வளவு என்பதை இந்த எண்களை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

டிராப், வித்ட்ரா இரண்டையும் பெற்றோர் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். செமஸ்டர் தொடங்கிய முதல் ஓரிரு வாரங்களுக்குள் ஒரு பாடத்தை டிராப் செய்தால் மதிப்பெண் சான்றிதழில் அதன் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் கிரேடு இருக்கும் இடத்தில் டபிள்யூ என்ற எழுத்து வரும். பல கல்லூரிகளில் ஒன்பது, பத்தாவது வாரம் வரை இதற்கு அனுமதி உண்டு. தேதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதைத் தாண்டினால் சில இடங்களில் டபிள்யூ.எஃப். என்று போடுவார்கள், அது தோல்வியாகவே எண்ணப்படலாம். டபிள்யூ மட்டும் எந்த ஜி.பி.ஏ.விலும் சேராது. ஆனால் விண்ணப்பத்தில் தெரியும். படித்த எல்லாக் கல்லூரிகளின் சான்றிதழ்களையும் ஆம்காஸ் கேட்கும், கோடையில் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த ஒரே ஒரு பாடமானாலும் சரி. எதையும் மறைக்க முடியாது, மறைக்க முயலவும் கூடாது.

அப்படியானால் டபிள்யூ ஒரு கறையா? என் மாணவர்கள் நேர்முகத் தேர்வு முடிந்து வந்ததும் என்ன கேட்டார்கள் என்று குறித்து வைப்பது என் வழக்கம். நான்கு ஆண்டுச் சான்றிதழில் ஒற்றை டபிள்யூ இருந்த பிள்ளைகளிடம் அதைப் பற்றிக் கேட்டது மிக அரிது. மூன்று, நான்கு இருந்தவர்களிடம் கேட்டார்கள். அதிலும் அவை எல்லாமே கடினமான அறிவியல் பாடங்களாக இருந்தால் கட்டாயம் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்பது என் எண்ணம். ஒவ்வொரு முறை சிரமம் வந்தபோதும் விலகிப் போன ஒருவர் மருத்துவப் படிப்பின் முதல் ஆண்டைத் தாங்குவாரா என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நம் பெற்றோருக்கு இது எளிதில் மனதில் ஏறுவதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கட்-ஆஃப் ஆக மாற்றி, கால் மதிப்பெண்ணில் எம்.பி.பி.எஸ். இடம் கைநழுவியவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. சிலர் தாங்களே அப்படி இடத்தை இழந்தவர்கள். ஒரு முறை சறுக்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்பது அவர்கள் பட்டு அறிந்த பாடம். அமெரிக்காவில் மருத்துவம் பட்டப்படிப்புக்குப் பிறகு நான்கு ஆண்டுகள். ஜி.பி.ஏ., எம்கேட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வு, மருத்துவமனை அனுபவம், பரிந்துரைக் கடிதங்கள், கட்டுரைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள். மதிப்பெண்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்றும் கவனிப்பார்கள். இதை வீட்டில் யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் அந்த மாணவன் அத்தனை ஞாயிறுகளிலும் பொய் சொல்லியிருக்க மாட்டான்.

சரி, எப்படி முடிவெடுப்பது? முதலில் பாடத்திட்டத் தாளைக் கையில் எடுக்கச் சொல்வேன். ஃபைனல் தேர்வுக்கு எத்தனை சதவீதம்? மிகக் குறைந்த மிட்டெர்ம் மதிப்பெண்ணைக் கழித்துவிடும் வழக்கம் உண்டா? கிரேடுகள் வகுப்புச் சராசரியை ஒட்டி நிர்ணயிக்கப்படுகின்றனவா? இவற்றைப் பார்க்காமலே அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் உண்டு. சென்ற ஆண்டு ஒருத்தி 52 வாங்கிவிட்டு விலகப் போவதாகச் சொன்னாள். உட்கார்ந்து கணக்குப் போட்டால் வகுப்புச் சராசரியே 49. அவள் பி-யில் இருந்தாள், அது அவளுக்கே தெரியவில்லை.

அடுத்து, பேராசிரியரிடம் நேரில் போக வேண்டும். "நான் தேறுவேனா?" என்று கேட்டால் ஆறுதல்தான் பதிலாக வரும். "இந்த இடத்தில் இந்த மதிப்பெண்ணோடு இருந்தவர்கள் சென்ற ஆண்டுகளில் பெரும்பாலும் எந்த கிரேடில் முடித்தார்கள்?" என்று கேட்கச் சொல்வேன். இதற்குப் பெரும்பாலானோர் நேர்மையாகப் பதில் சொல்கிறார்கள். சி-க்குக் கீழே போகும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் விலகுவதே நல்லது, ஏனென்றால் முன்தேவைப் பாடங்களில் சி மைனஸை ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் பல. பி அல்லது பி மைனஸ் வரும் என்றால் இருந்து முடிப்பதே நல்லது என்று நான் அழுத்திச் சொல்வேன். ஏ கிடைக்காது என்பதற்காக விலகுவதை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. சி வரும் என்ற நிலைதான் உண்மையிலேயே கடினம். அங்கே அந்த மாணவரின் மற்ற பாடங்கள், உறக்கம், உடல்நிலை எல்லாவற்றையும் கேட்காமல் நான் வாயைத் திறப்பதில்லை.

ஏன் மதிப்பெண் குறைந்தது என்ற கேள்வியை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி. எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று புரிந்துகொள்ளாமல் வினைகளை மனப்பாடம் செய்கிற பிள்ளை, விலகிவிட்டு அடுத்த ஆண்டு வந்தாலும் அதையேதான் செய்யும். படிக்கும் முறை மாறாவிட்டால் விலகியும் பயன் இல்லை. பகுதி நேர வேலை வாரம் இருபத்தைந்து மணி நேரம் என்றால் விட வேண்டியது அந்த வேலையாக இருக்கலாம். காலையில் எழவே முடியவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று சொன்னால், பாடத்தைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு மாணவர் நல மையத்துக்கு நானே கூடப் போகிறேன். மருத்துவக் காரணத்துக்காக முழு செமஸ்டரிலிருந்தும் விலகத் தனி வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் எந்த அவமானமும் இல்லை.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் தடுமாறுவது தனி ஒருவரின் குறை என்று நினைக்க வேண்டாம். 2022-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அந்த வகுப்பில் இருந்த ஏறத்தாழ 350 பேரில் 82 பேர் பாடம் மிகக் கடினமாக இருக்கிறது என்று மனுவில் கையெழுத்திட்டார்கள். பேராசிரியரின் பணியே போயிற்று. அங்கே தேதி கடந்த பிறகும் விலக அனுமதி தர நிர்வாகம் முன்வந்தது. அப்படி ஒரு சலுகை உங்களுக்கும் வரும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

விலகுவதற்கு முன் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்குக் கீழே போவதானால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். விலகிய பிறகு போய்ச் சொன்னால் விசா நிலையே பறிபோகலாம். பெற்றோரின் எச்-1பி வேலை விசா காரணமாக, அதைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்து, 21 வயதில் எஃப்-1-க்கு மாறும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்த விதி புதிது. அரசின் கல்வி நிதியுதவி பெறுகிறவர்கள் நிதியுதவி அலுவலகத்தைக் கேட்க வேண்டும். எடுத்த கிரெடிட்டுகளில் குறைந்தது 67 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளில் நடைமுறை. விலகிய பாடம் எடுத்ததில் சேரும், முடித்ததில் சேராது. கனடாவிலிருந்து எனக்கு எழுதும் தமிழ்ப் பெற்றோருக்கும் ஒன்று: அங்கே சில மருத்துவக் கல்லூரிகள் முழுப் பாட அளவோடு படித்த ஆண்டுகளைக் கேட்பதுண்டு. ஒரு பாடத்தை விடுவதால் அந்த ஆண்டே கணக்கிலிருந்து போகலாம். விண்ணப்பிக்கும் கல்லூரியின் அந்த ஆண்டு விதியைப் படித்துவிட்டே முடிவெடுங்கள்.

காலக் கணக்கும் உண்டு. ஆர்கானிக்கின் முதல் பகுதியை விட்டால் இரண்டாம் பகுதி தள்ளிப்போகும், அதன் பின்னால் பயோகெமிஸ்ட்ரி, அதையும் சேர்த்துக் கேள்வி கேட்கும் எம்கேட். மொத்தமாக ஓராண்டு தள்ளிப்போகலாம். இதைக் கேட்டதும் பெற்றோரின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். இன்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டம் முடித்து ஓராண்டாவது கழித்தே சேருகிறார்கள். விண்ணப்பித்துவிட்ட ஆண்டில் விலகுவது மட்டும் வேறு விஷயம். படிக்கப் போவதாக விண்ணப்பத்தில் எழுதிய பாடத்தை விட்டால் அந்தக் கல்லூரிகளுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டியிருக்கும். தெரிவிக்காமல் விட்டால் கையில் வந்த இடமும் கேள்விக்குள்ளாகும்.

பெற்றோர் சிலர் என்னை நேரடியாக அழைத்து மதிப்பெண் கேட்கிறார்கள். பிள்ளையின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் நான் சொல்வதில்லை. 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவு அந்தரங்கச் சட்டம் அந்த உரிமையை மாணவரிடமே தந்திருக்கிறது. எனவே உங்களுக்குத் தெரிய வேண்டியதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும், சொல்லும்படியான வீடாக அது இருக்க வேண்டும். செப்டம்பரிலேயே கேட்டு வையுங்கள், விலகக் கடைசித் தேதி எது என்று. அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு ஃபோன் செய்து, "கஷ்டமாக இருந்தால் விட்டுவிடலாம், நாங்கள் கோபப்பட மாட்டோம்" என்று ஒரு முறை சொல்லுங்கள்.

அந்த மாணவன் அடுத்த ஆண்டு ஆர்கானிக்கை மறுபடி எடுத்து ஏ மைனஸ் வாங்கினான், பயோகெமிஸ்ட்ரியில் ஏ. பட்டம் முடித்து இப்போது ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறான். மொத்த ஜி.பி.ஏ. 3.6-ஐத் தாண்டிவிட்டது, அறிவியல் ஜி.பி.ஏ. இன்னும் தாண்டவில்லை. வரும் மே மாதம் ஆம்காஸ் திறந்ததும் விண்ணப்பத்தைத் தொடங்கப் போகிறான். அந்த டி பற்றி என்ன எழுதுவது என்று சென்ற வாரம் ஒரு வரைவு அனுப்பினான். அதில் முதல் பத்தி அவன் அப்பாவிடம் உண்மையைச் சொன்ன இரவைப் பற்றியது. அதை நீக்க வேண்டாம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.