மேக விளையாட்டா, வழங்கியாட்டமா?

போன மாதம் நாளிதழுக்குள் ஒரு துண்டறிக்கை வந்தது. சேலத்தில் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் ஒரு நிறுவனம் அச்சிட்டது. ‘எங்கள் சேவையகத்தில் மேக விளையாட்டு இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் படித்த என் அக்கா மகன், ஐந்தாம் வகுப்பு, கேட்டான்: “மாமா, ஏற்காட்டுல போய் விளையாண்டா இன்னும் வேகமா ஓடுமா? அங்கதான் மேகம் கிட்டக்க இருக்கே.”

பையன் கேட்டதில் தப்பே இல்லை. சேர்வராயன் மலையில் மேகம் சாலைக்கே இறங்கி வருவதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். சொல் அவனுக்குச் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறான். ஆட்டம் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் ஓடும், படம் மட்டும் இணையம் வழியே நம் திரைக்கு வரும். ஆங்கிலத்தில் ‘கிளவுட் கேமிங்’ என்கிற இதற்கு ‘மேக விளையாட்டு’ என்ற மொழிபெயர்ப்பை இரண்டு மூன்று வருடமாகப் பார்த்து வருகிறேன். இனியும் சும்மா இருக்க முடியாது.

முதலில் பிறப்பு. பொறியாளர்கள் கணினிப் பிணைய (நெட்வொர்க்) வரைபடம் வரையும்போது, ‘இதற்குள் நடப்பது நமக்கு இப்போது வேண்டாம்’ என்று விடும் பகுதியை ஒரு மேக வடிவம் போட்டு மூடிவிடுவார்கள். அந்தக் கிறுக்கலிலிருந்து வந்ததுதான் ‘கிளவுட்’. 2006 வாக்கில் பெரிய நிறுவனங்கள் எடுத்துப் பரப்பின. அவ்வளவுதான் கதை. ஆக, நம் மொழிபெயர்ப்பாளர்கள் பொருளை விட்டுவிட்டுப் படத்தை மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

அப்புறம் தமிழில் அந்தத் தொடர் எப்படிப் பொருள்படுகிறது என்று பாருங்கள். நீர் விளையாட்டு என்றால் நீரில் ஆடுவது. பனி விளையாட்டு என்றால் பனியில் ஆடுவது. அதே கணக்கில் மேக விளையாட்டு என்றால்? சித்த மருத்துவம் தெரிந்த பெரியவர்களுக்கோ மேகம் என்றதும் மேகவெட்டை என்ற பால்வினை நோய்தான் நினைவுக்கு வரும். மேகம் வடசொல், ‘முகில் விளையாட்டு’ என்று மாற்றினால் போதும் என்கிறார்கள் சில நண்பர்கள். தனித்தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் முகில் என்றாலும் பையன் ஏற்காட்டுக்குத்தான் கிளம்புவான்.

இந்தச் சொல் மறைப்பது எதை? இரும்பையும் மின்சாரத்தையும். நான் வளர்ந்த அம்மாபேட்டையில் வீட்டிலேயே சொந்தத் தறி வைத்திருந்தவர்கள் உண்டு, முதலாளியின் தறிக்கூடத்துக்குப் போய் நெய்தவர்களும் உண்டு. டிவியில் இணைத்து ஆடும் கன்சோல் பெட்டி வீட்டுத் தறி. இப்போது பேசும் ஆட்டம் கூடத்துத் தறி. தறி மட்டும் எங்கேயும் காணாமல் போகவில்லை. வாங்கி வைத்து, கரண்ட் கட்டி, பழுது பார்க்க வேண்டியது முதலாளி என்று ஆகிவிட்டது. சினிமா என்றால் ஒருமுறை பதிந்த கோப்பை லட்சம் பேருக்கு அனுப்பலாம். ஆட்டத்தில் அது நடக்காது. நீங்கள் பொத்தானை அழுத்தினால் உங்களுக்கென்றே ஒரு காட்சி வரைந்தாக வேண்டும், நொடிக்கு 60 தடவை. ஒரு காட்சிக்குக் கிடைப்பது 17 மில்லிநொடிகூட இல்லை. சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து உட்காருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஏற்ற அளவு வன்பொருளை வாங்கி வைத்தால், காலையில் அது சும்மா கிடக்கும்.

கன்சோல் நிறுவனங்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. அவற்றின் ஆட்டங்கள் அந்தந்தக் கன்சோலின் சில்லுக்கென்றே எழுதப்பட்டவை. கடையில் கிடைக்கும் சாதாரண வழங்கியில், அதாவது சர்வரில், ஓடாது. சோனியின் பிளேஸ்டேஷன் 3 கன்சோலில் இருந்த செல் சில்லு அப்படிப்பட்டது. அதனால் சோனி அந்த வன்பொருளையே வழங்கிக் கூடத்துக்காகத் தனியாகச் செய்து அடுக்க வேண்டி வந்தது. மைக்ரோசாஃப்டும் முதலில் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் கன்சோலின் பலகைகளை அடுக்கிப் பார்த்தது; 2021-இல் அதற்கடுத்த கன்சோலான சீரிஸ் எக்ஸின் வன்பொருளுக்கு மாறியது. அது சில்லுத் தட்டுப்பாடு இருந்த காலம். கூடத்துக்குப் போகும் ஒவ்வொரு சில்லும் கடைக்குப் போக வேண்டிய பெட்டிகளில் ஒன்றைக் குறைத்தது. கூகுளின் ஸ்டேடியா என்ற இதே வகைச் சேவை கன்சோல் இல்லாமலே 2019-இல் வந்தது. ஆட்டம் எழுதுபவர்கள் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் அதன் வழங்கிகளுக்கென்று தங்கள் ஆட்டங்களை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் மூடிவிட்டார்கள். இவ்வளவு சுமையையும் ‘மேகம்’ என்று ஊதிவிட்டால் எப்படி?

சரி, வேறு என்ன சொல்வது? வழங்கியாட்டம். வழங்கியில் ஓடும் ஆட்டம். இணைய ஆட்டம் என்றால் பிறரோடு வலை வழியே ஆடுவது என்று ஏற்கெனவே பொருள் நிலைத்துவிட்டது. அதனால் அது ஆகாது.

சர்வருக்கு ‘சேவையகம்’ என்று எழுதுவதையும் விட வேண்டும். அகம் என்றால் இடம், வீடு. சர்வர் இடமா? கேட்டதைக் கொடுக்கும் ஒரு பொறி. நம் ஊர் ஓட்டலில் சர்வர் என்று யாரைக் கூப்பிடுகிறோம், சமையல்கட்டையா? சேவையகம் என்று கேட்டால் எங்கள் தெருக்காரர்கள் சாதிச் சான்றிதழ் வாங்கப் போகும் இ-சேவை மையத்தைத்தான் கை காட்டுவார்கள். மண்வெட்டி, விசிறி, உலவி, செயலி என்று ‘இ’ சேர்த்துக் கருவிக்குப் பெயர் வைக்கும் பழக்கம் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது. வழங்கு, வழங்கி. ‘பரிசு வழங்கி மகிழ்ந்தார்’ என்று வினையெச்சமாகவும் வருமே என்பார்கள். ‘ஊரெல்லாம் உலவி’ என்றும் வரும். அதனால் உலவியை யாரும் கைவிடவில்லை.

அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். “எல்லாரும் இப்படித்தான் சார் போடுறாங்க” என்றார் பேசியவர். இந்த ஒரு பதில்தான் இன்றைய மொழிபெயர்ப்புத் துறை முழுக்க ஓடுகிறது. பொருளைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. முன்னால் ஒருவர் எழுதியதை அடுத்தவர் நகல் எடுக்கிறார், அது பாடநூல் வரை போய்ச் சேர்கிறது.

பையனிடம் வழங்கியாட்டம் என்று சொல்லி விளக்கினேன். உடனே, “அந்த வழங்கி எந்த ஊர்ல இருக்கு மாமா?” என்றான். சென்னையில் இருந்தால் சாலைக் கணக்கில் சுமார் 340 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர மட்டும் 3.4 மில்லிநொடி என்று தாளில் போட்டுக் காட்டினேன். மும்பை என்றால் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். துண்டறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வழங்கி இருக்கும் ஊரின் பெயர் அதில் எங்குமே இல்லை.