ஒன்பதாம் மாதம், தாய் வீடு, பிக்மி நம்பர்: அரசு மருத்துவமனைப் பிரசவத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். தலைப்பிரசவம் என்றால் கேட்கவே வேண்டாம். கை நிறையக் கண்ணாடி வளையலோடு அவள் வண்டி ஏறுவாள். தூக்குவாளியில் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கூடவே வரும். ஆனால் ஏழெட்டு மாதமாக அவளைப் பார்த்துவந்த நர்சம்மாவும், அவள் பெயர் பதிவான ஆரம்ப சுகாதார நிலையமும் மாமியார் வீட்டு ஊரிலேயே நின்றுவிடும். நான் பார்த்தவரை, அரசு தருகிற சேவையும் பணமும் சிக்கிக்கொள்வது இந்த ஊர் மாற்றத்தில்தான்.

என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது. 38-வது வாரம், இரவு இரண்டரை மணி, பனிக்குடம் உடைந்துவிட்டது. 108-க்கு அடித்தோம், வண்டி வந்துவிட்டது. அம்மா ஒரு வாரம் முன்பே கட்டி வைத்திருந்த துணிப்பையில் துவைத்த பழைய சேலைகள், ஃபிளாஸ்க், பஞ்சு, திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் இருந்தன. தாய் சேய் நல அட்டை மட்டும் இல்லை. அது 70 கிலோமீட்டர் தள்ளி, மாப்பிள்ளை வீட்டு பீரோவில் இருந்தது. பிரசவ வார்டு சிஸ்டர் கேட்ட முதல் கேள்வியே, “பிக்மி நம்பர் சொல்லுங்கம்மா. ஹெச்பி எவ்வளவு? கடைசியா எப்ப செக்கப் போனீங்க?” என்பதுதான். தங்கைக்கு ஆறாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 8.4-க்கு இறங்கி, இரும்புச்சத்து ஊசி போட்டுக் கொஞ்சம் ஏற்றியிருந்தார்கள். ஏறி எவ்வளவில் நின்றது என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. மாப்பிள்ளையை எழுப்பி, அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். ட்யூப்லைட் வெளிச்சம் அட்டையின் பிளாஸ்டிக் உறையில் பட்டு, எண் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது. இரண்டாம் படத்தில்தான் எண் தெரிந்தது. நல்லபடியாகக் குழந்தை பிறந்தது. அந்த இருபது நிமிடத்தை எந்த வீட்டுக்கும் நான் விரும்பமாட்டேன்.

பிக்மி நம்பர் என்று எல்லாரும் சொல்வது, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்படும் 12 இலக்க எண். சில இடங்களில் ஆர்சிஹெச் ஐடி என்பார்கள். கிராமத்தில் கிராம சுகாதார செவிலியரும், நகரத்தில் நகர்ப்புற சுகாதார செவிலியரும் பதிந்து தருவார்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்க்கப் போகிறவர்களுக்கும் இது வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்பைப் பதியும்போது இந்த எண்ணைக் கேட்கிறார்கள். மகப்பேறு நிதியுதவியும் இதே எண்ணில்தான் ஓடுகிறது. ஊர் மாறினாலும் எண் மாறாது, மறுபடி பதியத் தேவையில்லை. செய்ய வேண்டியது இரண்டே வேலை. கிளம்புமுன் மாமியார் வீட்டு ஊர் நர்சிடம் “இந்த ஊருக்குப் போறேன், அங்கதான் பிரசவம்” என்று சொல்லிவிடுங்கள். போய் இறங்கிய வாரத்திலேயே அட்டையோடு தாய் வீட்டு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஒரு செக்கப் முடித்துவிடுங்கள். அந்த ஊர் நர்சின் செல் நம்பரை வீட்டில் இருக்கிற எல்லாருடைய போனிலும் ஏற்றுங்கள். அட்டையின் எல்லாப் பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில், உறையிலிருந்து வெளியே எடுத்துப் படம் பிடித்து வையுங்கள்.

அடுத்தது, எந்த மருத்துவமனை என்பதை வலி வருமுன்பே முடிவு செய்வது. சிக்கல் இல்லாத சுகப்பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போதும். செவிலியர்கள் 24 மணி நேரமும் ஷிப்டில் இருப்பார்கள். ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள், பிபி அல்லது சர்க்கரை உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை, 145 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரம், குழந்தையின் தலை மேலே இருப்பது, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனது, இப்படிப்பட்டவர்கள் நேராக சீமாங் சென்டர் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த நேரத்திலும் சிசேரியன் செய்யவும் ரத்தம் ஏற்றவும் ஏற்பாடு உள்ள இடங்கள் அவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இருக்கும். “பக்கத்துலயே பார்த்துக்கலாம், கஷ்டம்னா அங்க போகலாம்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி இடையில் அனுப்பிவைக்கிற நேரம்தான் தாயின் உயிருக்கு ஆபத்தான நேரம். உங்கள் அட்டையில் ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதியிருந்தால், எதனால் அப்படி எழுதினார்கள், எங்கே போக வேண்டும் என்று நர்சிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை இருக்கிறது. தேதி நெருங்கும்போதே ஒரு துணையோடு வந்து தங்கிக்கொள்ளலாம்.

வலி சீராக, இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர் போனாலோ ரத்தம் பட்டாலோ வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். குழந்தையின் அசைவு குறைந்ததுபோல் தோன்றினாலும், தலை பிளக்கிற வலியோடு கண் மங்கினாலும், முகம் வீங்கினாலும் அப்படியே. “சூட்டு வலியா இருக்கும், சோம்புத் தண்ணி குடி” என்று உட்கார வைக்காதீர்கள். போனில் ஊர் பெயரோடு பக்கத்துக் கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை என்று ஓர் அடையாளமும் சொல்லுங்கள். ராத்திரியில் டிரைவர் அதைப் பார்த்துத்தான் வருவார்.

இனி காசு விஷயம். ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2011 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் எந்தப் பெண்ணிடமும் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஏழை, பணக்காரர், எத்தனையாவது பிரசவம் என்ற கேள்வியே கிடையாது. சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டும் இலவசம். மருந்து, ஊசி, கையுறை, பஞ்சு, ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ரத்தம் எல்லாம் அதில் அடக்கம். சுகப்பிரசவம் என்றால் 3 நாள் வரை, சிசேரியன் என்றால் 7 நாள் வரை தாய்க்குச் சாப்பாடு. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு, அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அங்கே, பிறகு வீட்டுக்கு என்று மூன்று பயணமும் இலவசம். பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அதன் சிகிச்சையும் இதில் வரும். முதலில் 30 நாள் என்று இருந்ததைப் பிறகு ஒரு வயது வரை நீட்டினார்கள். ஆக, “இந்த மருந்தை வெளியில வாங்கிட்டு வாங்க” என்று சீட்டு நீட்டினால், “திட்டத்துல உள்ளேயே தரணும்னு இருக்கே சிஸ்டர்” என்று மரியாதையாகக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எழுத்தில் இலவசம் என்று இருப்பதை வார்டில் சிலர் விலை பேசுகிறார்கள். என் தங்கை பிரசவித்த இரவில், குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஆயாம்மா வாசலிலேயே நின்றுகொண்டார். “ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு, சந்தோஷமா குடுங்க” என்றார். அப்பா 500 ரூபாய் நீட்டினார். “ஆயிரம் இல்லாம எப்படிங்கய்யா” என்றார் அவர். பெண் குழந்தையாக இருந்தால் தொகை குறையும் என்பது அந்த வராந்தாவில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பிறந்து பத்து நிமிடம் ஆகாத உயிருக்கு அங்கே ஒரு விலை வைத்தார்கள். நாங்கள் கொடுத்தோம். அந்த நேரத்தில் வாதாட யாருக்கும் தெம்பு இருக்காது என்பதால்தான் கேட்கிறார்கள். அதனால் வீட்டில் முன்னமே பேசி வையுங்கள்: யார் கேட்டாலும் கொடுப்பதில்லை, வற்புறுத்தினால், டியூட்டி டாக்டரிடமோ கண்காணிப்பாளரிடமோ ஒருவர் போய்ச் சொல்வது. 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும், 1100 என்ற முதலமைச்சரின் உதவி மைய எண்ணிலும் புகார் சொல்லலாம். தேதி, நேரம், வார்டு, கேட்ட தொகை நான்கையும் குறித்துக்கொண்டு பேசுங்கள். அந்த வேலையைப் பிரசவித்தவளிடம் விடாதீர்கள்; தைரியமாகப் பேசக்கூடிய சித்தப்பாவோ மாமாவோ வீட்டில் ஒருவர் இருப்பாரே, அவரிடம் கொடுங்கள்.

பிரசவ அறைக்குள் கூட ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னும் பல வீடுகளில் தெரியவில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை என்ற ஏற்பாடு 2004-லேயே வந்துவிட்டது. வலியில் கையைப் பிடித்துக்கொள்ளவும், முதுகைத் தடவிவிடவும், ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் ஒரு ஆள். அம்மாவோ அத்தையோ அக்காவோ, ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண்ணாக இருப்பது நல்லது. வார்டில் சத்தம் போடாமல், நர்ஸ் சொல்வதைக் கேட்டு நடக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். யாரைக் கூட வைத்துக்கொள்வது என்பதைக் கர்ப்பிணியிடமே கேளுங்கள். மாமியாரா, அம்மாவா என்ற மான அவமானப் பேச்சுக்கு அது இடம் இல்லை.

இன்னொன்றையும் ஒன்பதாம் மாதத்திலேயே கணவன் மனைவி பேசி முடித்துவிட வேண்டும். பிரசவம் ஆன உடனேயே காப்பர்-டி போடும் வழக்கம் அரசு மருத்துவமனைகளில் உண்டு. அது நல்ல முறைதான், அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விட உதவும். ஆனால் தாயின் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. வலியின் உச்சத்தில் கேட்டுத் தலையாட்ட வைப்பது சம்மதம் ஆகாது. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் செக்கப்பின்போதே சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். போட்டார்களா இல்லையா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிதியுதவிக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். 2018-க்கு முன் 12,000 ஆக இருந்தது. இதில் 14,000 பணமாகவும், மீதி 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். பெட்டகத்தில் சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய் இருக்கும். முன்பு ஐந்து தவணையாக இருந்த பணத்தை 2024-ல் மூன்றாக்கினார்கள். கர்ப்பத்தின் நாலாம் மாதம் 6,000, குழந்தை பிறந்த நாலாம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கும். 19 வயது நிறைந்திருக்க வேண்டும். திட்டத்துக்கு வைத்த பெயரும் பொருத்தமான பெயர்: புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பெண்கள் படிக்கவே தயங்கிய காலத்தில் மருத்துவரான அம்மையார் அவர்.

பணம் வராமல் நிற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் வங்கிக் கணக்கு. கணக்கு தாயின் பெயரில், அவருடைய ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். நம் பெண்கள் பலர் பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கின் பாஸ்புக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அதில் போடவோ எடுக்கவோ இல்லை என்றால் அந்தக் கணக்கு செயலற்றதாகிவிடும். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க முடிகிற வாரங்களிலேயே வங்கிக்குப் போய் கேஒய்சி கொடுத்து, நூறு ரூபாய் போட்டு எடுத்து உயிர் கொடுத்துவிடுங்கள். கைக்குழந்தையோடு வரிசையில் நிற்பது பெரும்பாடு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துப் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கும் அரசு மருத்துவமனையில் பிரசவித்தால் ஜனனி சுரக்ஷா யோஜனாவில் தனியே ஒரு தொகை உண்டு. கிராமத்துக்கு 700, நகரத்துக்கு 600 ரூபாய். சின்னத் தொகைதான். இருந்தாலும் கேட்டு வாங்குங்கள்.

கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம்.

குழந்தை பிறந்தபின் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். கட்டணம் இல்லை. மருத்துவமனைப் பிரசவம் என்றால் அவர்களே பதிந்துவிடுவார்கள். குழந்தை பிறந்த ஊரில்தான் பதிவு நடக்கும் என்பதால், சான்றிதழில் தாய் வீட்டு ஊர்தான் பிறந்த இடமாக வரும். மாமியார் வீட்டு ஊராட்சியில் போய்த் தேட வேண்டாம். வார்டில் நிரப்பித் தரும் படிவத்தில் அப்பா, அம்மா பெயர், இனிஷியல் எல்லாம் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். தங்கையின் கணவர் பெயரில் ஒரு ‘ஹெச்’ விடுபட்டு, அதைத் திருத்த மூன்று முறை அலைந்தோம். பெயர் சூட்டாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடலாம். ஒரு வருடம் வரை கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம்.

டிஸ்சார்ஜ் அன்று ஆட்டோ பேசாதீர்கள். 102 தாய் சேய் ஊர்தி இலவசமாக வீட்டு வாசலில் விடும், வார்டிலேயே சொன்னால் வண்டிக்குச் சொல்லிவிடுவார்கள். குழந்தைக்கு 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிகள் தாய் வீட்டு ஊரில் புதன்கிழமைகளில் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் அட்டையில் தேதி ஏறியதா, கணினியில் பதிந்தார்களா என்று கேளுங்கள். பிறந்த நாலாம் மாதத் தவணை வருவதற்கு அந்தப் பதிவு வேண்டும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பேரப்பிள்ளையோடு பெண்ணைக் கொண்டுபோய் விடும்போது, சீர்த்தட்டுகளோடு அந்த அட்டையும் போகட்டும். பீரோவுக்குள் வைத்துப் பூட்டாமல், மாமியார் வீட்டு ஊர் நர்சம்மாவிடம் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.