10 டாலரும் 5 டாலரும்: அமெரிக்கா ரெண்டா உடைஞ்ச விதம்

1861ல இருந்து 1865 வரைக்கும் வடக்கு மாகாணங்களும் தெற்கு மாகாணங்களும் மோதின அமெரிக்க உள்நாட்டுப் போர் பத்தி பேச்சு வந்தா "அது அடிமைமுறைக்காக நடந்த சண்டை இல்ல, மாகாண உரிமைக்காக நடந்தது"ன்னு யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க. 1850ல வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம்ங்கிற ஒரே ஒரு சட்டத்தைப் படிச்சாலே அந்த வாதம் நிக்காது. ஆனா அந்த சட்டம் ஏன் வந்துச்சுன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

1787ல அரசியல் சட்டம் எழுதினப்ப ஒரு கணக்கு போட்டாங்க. எந்த மாகாணத்துக்கு எத்தனை எம்.பி. சீட்டுன்னு முடிவு பண்றப்ப அடிமையா வச்சிருக்கிற 5 பேரை 3 பேரா எண்ணிக்கலாம்னு. அந்த 5 பேருக்கும் ஓட்டு கிடையாது, ஆனா அவங்களை அடிமையா வச்சிருக்கிற மாகாணத்துக்கு மட்டும் சீட்டு கூடும், ஜனாதிபதி தேர்தல்லயும் பலம் கூடும். அடிமைமுறை தானா தேஞ்சு போயிடும்னு அப்ப நிறைய பேர் நெனச்சாங்க. 1793ல எலி விட்னி பருத்தியில இருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின் மெஷினைக் கொண்டுவந்தார், கதை அப்படியே மாறிப்போச்சு. அலபாமா, மிசிசிப்பி, லூசியானான்னு பருத்தித் தோட்டங்கள் பரவுச்சு. 1790ல சுமார் 7 லட்சமா இருந்த அடிமைகள் எண்ணிக்கை 1860ல கிட்டத்தட்ட 40 லட்சம். இத்தனைக்கும் வெளிநாட்டுல இருந்து ஆட்களைக் கொண்டுவர்றதுக்கு 1808லயே தடை போட்டாச்சு. அதனால வியாபாரம் உள்நாட்டுலயே நடந்துச்சு, வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கத்துல இருந்து சுமார் 10 லட்சம் பேரைத் தெற்கே கொண்டு போனாங்க, புருஷன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைங்க வேற யாருக்கோ வித்தாச்சு. போருக்கு முன்னாடி இந்த மனுஷங்க மேல ஒட்டியிருந்த சந்தை விலை மட்டும் 300 கோடி டாலருக்கு மேல. நாட்டுல இருந்த ரயில்வேயும் தொழிற்சாலையும் சேர்ந்தாக்கூட அவ்வளவு இல்ல. இவ்வளவு பணம் ஒரு கொடுமையில மாட்டிக்கிட்டா அதை வச்சிருக்கிறவங்க சும்மா விட்டுக்கொடுப்பாங்களா?

இப்ப அரசியல் எப்படி ஓடுச்சுன்னு பாப்போம். வடக்குல ஜனத்தொகை வேகமா கூடுச்சு, அதனால கீழ்சபை வடக்கு கையில. ஆனா மேல்சபையான செனட்ல சின்ன மாகாணமோ பெரிய மாகாணமோ ஆளுக்கு 2 சீட்டு. 1819 கடைசியில அடிமை மாகாணம் 11, அடிமைமுறை இல்லாத சுதந்திர மாகாணம் 11, சமமா இருந்துச்சு. அப்பதான் மிசௌரி உள்ள வரணும்னு கேட்டுச்சு. அதை அடிமை மாகாணமாவும் மெய்னை சுதந்திர மாகாணமாவும் சேர்த்து, மிசௌரியைத் தவிர மத்த மேற்கு நிலத்துல 36 டிகிரி 30 நிமிஷம் அட்சரேகைக்கு வடக்கே அடிமைமுறை கூடாதுன்னு 1820ல ஒரு கோடு போட்டு சமாளிச்சாங்க. இங்க ஒண்ணு கவனிக்கணும். வடக்குல இருந்த பெரும்பாலான அரசியல்வாதிங்க, பின்னாடி ஜனாதிபதியான லிங்கன் உட்பட, ஏற்கனவே இருக்கிற இடத்துல அடிமைமுறையைத் தொடமாட்டோம்னுதான் சொன்னாங்க. சண்டை முழுக்க புது நிலம் பத்தி. புது நிலம் கிடைக்கலன்னா செனட் போயிடும், செனட் போனா ஒருநாள் எல்லாமே போயிடும்ங்கிறது தெற்கோட பயம். வடக்குலயும் எல்லாரும் மனிதாபிமானத்துல எதிர்த்தாங்கன்னு சொல்லமுடியாது, கருப்பின மக்களே பக்கத்துல வேணாம், நிலம் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும் வேணும்னு எதிர்த்தவங்களும் நிறைய.

1846ல மெக்சிகோவோட போர், 1848ல ஜெயிச்சு பெரிய நிலப்பரப்பு கைக்கு வந்துச்சு, திரும்பவும் அதே கேள்வி. இதுக்குள்ள சர்ச்சுகள் உடைய ஆரம்பிச்சாச்சு. ஒரு பிஷப் அடிமை வச்சிருக்கலாமான்னு 1844ல மெதடிஸ்ட் சபையில தகராறு வந்து வடக்கு தெற்குன்னு பிரிஞ்சாங்க, அடுத்த வருஷமே பாப்டிஸ்ட் சபையும். ரெண்டு பக்கத்து ஆட்களும் ஒண்ணா உக்காந்து பேசுற இடம் ஒவ்வொண்ணா காணாம போச்சு, என்னைக் கேட்டா போரை நோக்கித் தள்ளினதுல இதுதான் ரொம்ப முக்கியமான விஷயம்.

இப்ப அந்த 1850 சட்டத்துக்கு வருவோம். கலிபோர்னியாவை சுதந்திர மாகாணமா சேர்த்ததுக்கு பதிலா தெற்குக்குக் கொடுத்த விலைகள்ல பெருசு தப்பியோடிய அடிமைகள் சட்டம். தப்பிச்சு வந்தவர்னு ஒருத்தரைப் பிடிச்சா ஜூரி கிடையாது, அவர் தனக்காக சாட்சி சொல்லக்கூட முடியாது. விசாரிக்கிற கமிஷனர் அவரைத் திருப்பி அனுப்பினா 10 டாலர் ஃபீஸ், விடுதலை பண்ணா 5 டாலர். சட்டத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு. கூப்பிட்டா பொதுமக்கள் பிடிக்க உதவியே ஆகணும், தப்பிக்க உதவினா 1,000 டாலர் வரைக்கும் அபராதம், 6 மாசம் வரைக்கும் ஜெயில். வடக்கு மாகாணங்கள் பலதும் எங்க மண்ணுல இது நடக்காதுன்னு தனியா சட்டம் போட்டாங்க, விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் இந்த மத்திய சட்டம் செல்லாதுன்னே சொல்லிச்சு, அதை 1859ல நாட்டோட உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. அப்ப மாகாண உரிமைன்னு பேசினது வடக்கு, மத்திய அரசோட கையை முறுக்கி வேலை வாங்கினது தெற்கு!

1854 மே மாசம் பாஸ்டன்ல ஆன்டனி பர்ன்ஸ்ங்கிற இளைஞரைப் பிடிச்சாங்க. அவரைக் கப்பலேத்த பட்டாளமே வந்துச்சு, ஆயிரக்கணக்குல ஜனங்க தெருவுல நின்னு பாத்தாங்க. பருத்தித் துணி வியாபாரத்துல பணம் சம்பாதிச்ச குடும்பத்து ஆள் அமோஸ் லாரன்ஸ், அதுவரைக்கும் சமரசம்தான் பேசினவர், அந்த சம்பவத்துக்கப்புறம் அடிமைமுறையோட தீவிர எதிர்ப்பாளரா மாறிட்டார். அதே வாரத்துலதான் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் கையெழுத்தாச்சு. 1820 கோடு ரத்து, அடிமைமுறை வேணுமா வேணாமான்னு குடியேறினவங்களே ஓட்டுப்போட்டு முடிவு பண்ணட்டும்னு. லாரன்ஸ் மாதிரி ஆட்கள் பணம் போட்டு வடக்குல இருந்து ஆட்களைக் குடியேத்தினாங்க, மிசௌரியில இருந்து ஆயுதத்தோட கூட்டம் எல்லை தாண்டி வந்துச்சு. 1855 தேர்தல்ல தகுதியான வாக்காளர் சுமார் 2,900 பேர், விழுந்த ஓட்டு 6,000க்கு மேல. அப்புறம் கொலை, தீவைப்பு.

அப்ப இருந்த ரெண்டு பெரிய கட்சியில ஒண்ணான விக் கட்சி இதுலயே சிதறிப்போச்சு, அடிமைமுறை பரவுறதை எதிர்த்து குடியரசுக் கட்சி பிறந்துச்சு, லிங்கனோட கட்சி இதுதான். 1856ல கான்சஸ் பத்தி பேசின செனட்டர் சார்லஸ் சம்னரை தென் கரோலினா எம்.பி. பிரஸ்டன் புரூக்ஸ் செனட்டுக்குள்ளயே தடியால அடிச்சு சாய்ச்சார், தெற்குல அவருக்குப் புதுத் தடிகளைப் பரிசா அனுப்பினாங்க. 1857ல ட்ரெட் ஸ்காட் வழக்கு, அடிமையா இருந்த அவர் விடுதலை கேட்டுப் போட்டது. கருப்பின மக்கள் குடிமக்களே ஆகமுடியாது, மேற்குப் பிரதேசங்கள்ல அடிமைமுறையைத் தடுக்க காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அதிகாரமும் இல்லன்னு நாட்டோட உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டானி தீர்ப்பு எழுதினார். பிரச்சினையை முடிக்கணும்னு எழுதின தீர்ப்பு, ஆனா அதுக்கப்புறம் வடக்குல கோர்ட் மேல இருந்த நம்பிக்கையும் போச்சு. வடக்கையும் தெற்கையும் சேர்த்து வச்சிருந்ததுல மிச்சம் இருந்தது ஜனநாயகக் கட்சி ஒண்ணுதான், அதுவும் 1860ல ரெண்டா உடைஞ்சு ஆளுக்கொரு வேட்பாளரை நிறுத்துச்சு. தெற்குல 10 மாகாணத்துல ஒரு ஓட்டுகூட வாங்காம, மொத்தத்துல சுமார் 40 சதவீத ஓட்டோட லிங்கன் ஜெயிச்சார்.

1860 டிசம்பர் 20 அன்னிக்கு தென் கரோலினா பிரிஞ்சு போச்சு. ஏன் போறோம்னு அவங்க வெளியிட்ட அறிக்கையில முக்கியமான குற்றச்சாட்டே வடக்கு மாகாணங்கள் ஓடிவந்த அடிமைகளைத் திருப்பித் தரலங்கிறதுதான், எந்தெந்த மாகாணம்னு பேரோட பட்டியல் போட்டிருக்காங்க. பிரிஞ்சவங்க 1861ல தங்களுக்குன்னு எழுதிக்கிட்ட அரசியல் சட்டத்துல, அடிமைகள் மேல இருக்கிற சொத்துரிமையைக் குறைக்கிற எந்த சட்டத்தையும் தங்களோட காங்கிரஸ் போடக்கூடாதுன்னு நேரடியாவே எழுதி வச்சாங்க. அந்த வருஷம் ஏப்ரல் 12 அன்னிக்கு தென் கரோலினாவுல மத்திய அரசோட கையில இருந்த சம்டர் கோட்டை மேல முதல் பீரங்கி வெடிச்சுது, போர் ஆரம்பிச்சுது.